மூன்று ஹெட்போன்களும் ஒரு தலையாட்டலும்

கருணாம்பிகையை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவள் முன்னறை வாசற்படியில் நின்று ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி என்னிடம் ஏதோ சொன்னாள். என் காது இரண்டும் கறுப்பு ஹெட்போனுக்குள் இருந்தன. அவள் உதடு அசைவதை மட்டும் பார்த்தேன், பார்த்துவிட்டு, எப்போதும் செய்வதுபோலத் தலையாட்டினேன். அவள் என் தலையாட்டலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

அது மின்வெட்டுக் காலம். கோயம்புத்தூரில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று கரண்ட் போய்க்கொண்டிருந்த வருடம். நான் நூற்பு மில்லை விட்டு ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. மில்லின் சோதனைக் கூடத்தில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். நூற்றிருபது கெஜம் நூலை உருளையில் சுற்றி, கொக்கியில் மாட்டி, அறுகிறவரை இழுத்து, எத்தனை பவுண்டில் அறுந்தது என்று எழுத வேண்டும். அறுத்துப் பார்க்காமல் நூலின் பலம் தெரியாது, அறுத்த நூல் அதற்குப் பிறகு எதற்கும் உதவாது, ஆனால் அதைக் கொண்டுதான் மிச்சமிருக்கிற ஆயிரம் கிலோவைப் பற்றிச் சொல்ல முடியும் என்பது எங்கள் தொழில். சுற்றிலும் நூல் சுற்றும் ஆயிரம் கதிர்கள் இரைய, நடுவில் கண்ணாடி அடைத்த அந்தச் சின்ன அறையில் மட்டும் அமைதி இருக்கும். அந்த அமைதியில்தான் எனக்குப் பாட்டுக் கேட்கிற பைத்தியம் பிடித்தது.

காந்திபுரத்தில் ஒரு கடைக்காரர் பழக்கமானார். நடுத்தர விலையில் வரும் ஹெட்போன்களை என்னிடம் பத்துப் பதினைந்து நாள் கொடுத்துவைப்பார். பஸ் ஸ்டாண்டில் கொத்தாகத் தொங்குபவையும் அல்ல, பணக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து தருவிப்பவையும் அல்ல, சம்பளக்காரன் நாலு மாதம் யோசித்து வாங்குகிற வகை. ஒரே பாட்டை, பேட்டரியில் ஓடும் பிளேயரில், ஒரே அளவு சத்தத்தில், ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் கேட்பேன். குரல் எப்படி, அடிச்சத்தம் எப்படி, தலையை எவ்வளவு இறுக்குகிறது, எத்தனை நிமிடத்தில் காது வேர்க்கிறது என்று பத்துக்கு இத்தனை மார்க் போட்டு, தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பேன். அவர் அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைப்பார்.

இந்த இருபது நிமிடத்தில் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அவசரமென்றால் கருணாம்பிகை உள்ளறைக் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த சுவிட்சைப் போட்டு என் தலைக்கு மேலிருக்கும் பல்பை எரியவிடுவாள். வெளிச்சம் வந்தால் நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து போவேன். பதினொரு வருடம் அப்படித்தான் நடந்தது. தட்டிக் கூப்பிட்டதில்லை, சத்தம் போட்டதில்லை. சின்னச் சின்ன விஷயங்களை வாசற்படியில் வந்து நின்று சொல்வாள், பெரும்பாலும் "காப்பி வெக்கட்டுங்களா" என்பதாக இருக்கும், நானும் தலையாட்டிவிடுவேன்.

அன்று மதியம் பன்னிரண்டுக்குப் போன கரண்ட் ஆறு மணிக்கு வந்தது. வந்தவுடன் என் தலைக்கு மேல் பல்பு எரிந்தது. கூப்பிடுகிறாள் என்று கழற்றிவிட்டு எழுந்து போனேன். கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள், ஒரு கை மட்டும் சுவிட்சுப் பலகைக்குக் கீழே நீண்டு கிடந்தது. உயிர் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். கரண்ட் இல்லை என்று தெரிந்தும் போட்டாளா, பழக்கத்தில் போட்டாளா என்று இன்றுவரை தெரியாது.

ஓசூரிலிருந்து மகள் யமுனா வந்தாள், பதினாறாம் நாள் காரியம் வரை இருந்தாள், தன்னோடு வரச் சொன்னாள். வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். நான் போகாததற்குக் காரணம், எங்கள் சி பிளாக்கில் அந்த வருடம் சத்தங்கள் வெளியே போவதை நிறுத்தியிருந்தன.

அது தொடங்கியது கருணாம்பிகை போவதற்கு முன்பே, தீபாவளிக்கு. தரைத்தளத்தில் கொளுத்திய சரவெடி மறுநாளும், அதற்கு மறுநாளும் படிக்கட்டுத் திருப்பத்தில் வெடித்துக்கொண்டிருந்தது. யாரோ நமுத்த வெடியைக் கொளுத்துகிறார்கள் என்று நினைத்தோம், கருணாம்பிகைகூட எட்டிப் பார்த்து இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வந்தாள். அப்புறம்தான் ஒவ்வொரு வீடாகப் புரிந்தது. காலையில் அடித்த குக்கர் விசில் மாலையில் அடுப்பங்கரையில் அப்படியே நின்றது. குழந்தை அழுத இடத்தைத் தாண்டினால் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போதும் அழுகை கேட்டது. மின்விசிறிகள் ஓடாததால் சத்தத்தைத் தள்ளிவிட ஆளில்லாமல் போய்விட்டது என்றார்கள் சிலர். அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை. தண்ணீர் லாரிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்றுகொண்டிருந்தவர்களுக்கு இதற்குக் காரணம் தேட நேரமில்லை.

அந்தச் சத்தங்களுக்கு ஒரு குணம் இருந்தது. காது போய் அதற்குள் நுழைந்தால் தொடங்கும், காது விலகினால் நின்றுவிடும், கேட்ட அளவு மட்டும் தீர்ந்துபோகும். ஒரு தரம் கேட்டது மறுதரம் கிடையாது. இதை நாங்கள் கண்டுகொண்டது மயில்சாமியால். கீழ்வீட்டு மயில்சாமி, டயர் ரீட்ரேடிங் கடை வைத்திருப்பவர், குடியிருப்போர் சங்கச் செயலாளர். தண்ணீர் விடுகிறவனை முதல் மாடித் திருப்பத்தில் நிற்கவைத்து அரை மணி நேரம் வைது தீர்த்திருந்தார். அந்த வசவு ஒன்பது நாள் அங்கேயே நின்றது. மேலே போகிறவர்கள், கீழே இறங்குகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கு இரண்டு வசவு வாங்கிக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டு ஃபிலோமினா டீச்சர் ஜெபக் கூட்டத்துக்குக் கிளம்பியவர் அந்தத் திருப்பத்தில் செருப்பு வார் அறுந்து குனிந்துவிட, ஏழெட்டு வசவு மொத்தமாக அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

"மயில்சாமி, உங்க அம்மா உயிரோட இருந்தா இதெல்லாம் எங்கடா கத்துக்கிட்டேன்னு கேப்பாங்க" என்றார் டீச்சர்.

"அந்தம்மாகிட்டதான் டீச்சர் கத்துக்கிட்டதே" என்றார் மயில்சாமி. அன்று மாலை தண்ணீர் விடுகிறவனையே கூட்டிவந்து, திருப்பத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, மிச்ச வசவை முழுக்கக் கேட்கச் செய்து, வடையும் டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அதோடு அந்த இடம் சுத்தமானது.

பிறகு பிளாக் அதற்குப் பழகிக்கொண்டது. கீரை விற்கும் பொன்னுத்தாய் திங்கட்கிழமை ஒரு நாள் மாடி ஏறி, ஒவ்வொரு தளத்திலும் ஆறேழு தடவை "கீரேய்ய்" என்று வைத்துவிட்டுப் போனாள். வாரம் முழுவதும் அவள் கீழே கூடையோடு நின்றால் போதும், கதவைத் திறந்தவர்களுக்கு அவள் குரல் கேட்டது. மாமியாரோடு சண்டை போட நினைத்தவர்கள் மொட்டை மாடிக்குப் போனார்கள், அங்கே காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். மூன்றாம் மாடியில் கல்யாணப் பேச்சு நடந்தபோது, முதல் நாளே அந்த வீட்டார் ஹால் முழுவதும் உட்கார்ந்து பழைய ஏச்சுப்பேச்சையெல்லாம் கேட்டுத் தீர்த்து, மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் மூலையில் பெண் சிரித்த சிரிப்பை மட்டும் விட்டுவைத்தார்கள்.

மெல்லிய சத்தங்கள் வெறும் காதுக்கு எட்டவில்லை. அதைக் கண்டது நான்தான், அதுவும் தற்செயலாக. கறுப்பு ஹெட்போனைக் கடைக்காரருக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எடுத்து, வயரைச் சுற்றும்போது, காதை மூடும் குடுவைகளில் ஒன்று என் காதோரம் பட்டது. எதிலும் சொருகாத ஹெட்போன். அதற்குள் கருணாம்பிகையின் வளையல் சத்தம் கேட்டது. மாவு கரைக்கிறபோது வருமே, மேலே ஏறி மணிக்கட்டுக்கு இறங்குகிற அந்தச் சத்தம். மூன்று சுற்று கேட்டேன். நான்காவது சுற்றுக்கு அது அங்கே இல்லை.

அன்றைக்கே எல்லா சன்னல்களையும் சாத்தினேன். இடுக்கில் பழைய வேட்டியைக் கிழித்து அடைத்தேன். புதுச் சத்தம் பழசின் மேல் ஏறி அழுத்திவிடும் என்பதால் பேசுவதை நிறுத்தினேன், தாளிப்பதை நிறுத்தினேன், ரப்பர் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலில் நடந்தேன். தும்மல் வந்தால் வெளியே ஓடிப்போய்ப் படிக்கட்டில் தும்மினேன். ஃபிலோமினா டீச்சர் காலையும் மாலையும் கதவடியில் டிபன் வைத்துவிட்டு, தட்டாமல், கதவை விரலால் ஒரு தடவை வருடிவிட்டுப் போவார். வீட்டுக்குள் வேர்வையும் இருட்டும் அவள் சத்தங்களும் நானும் மட்டும் இருந்தோம்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வாசற்படியில் நின்று அவள் என்ன சொன்னாள். எதற்கு நான் தலையாட்டினேன்.

ஆறாம் நாள் அதைக் கண்டுபிடித்தேன். அவள் வாய் இருந்த உயரத்தில், நிலைக்கு ஒரு சாண் உள்ளே தள்ளி, கறுப்பு ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு குனிந்தபோது "ஏனுங்" என்றாள். பிறகு "மாரு" என்றது மங்கலாகக் கேட்டது. மாரு என்றால் நெஞ்சு. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அந்த இரண்டு வார்த்தையும் தீர்ந்துவிட்டன. மிச்சத்தை ஒரே ஒரு தரம்தான் கேட்க முடியும். அதுவும் களைத்துப்போய், பாதி மூச்சில் சொன்ன சொல். அரைகுறையாகக் கேட்டுவிட்டால் வாழ்நாள் முழுக்க அரைகுறைதான். அதற்கு ஆக நல்ல ஹெட்போன் எது என்று தெரிந்தாக வேண்டும்.

என் கையில் மூன்று இருந்தன. கறுப்பு, நாலாபக்கமும் அடைத்தது. தோல் மெத்தை, தலையை இடுக்கி மாதிரி பிடிக்கும், அரை மணியில் காது வேர்க்கும், வெளிச் சத்தம் எதையும் விடாது, அடிச்சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். இரண்டாவது பின்பக்கம் திறந்தது. இரும்புச் சல்லடை போட்டிருக்கும், வெல்வெட்டு மெத்தை, போட்டிருப்பதே தெரியாது, பாடுகிறவர் எதிரே நாலடி தள்ளி உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும், ஆனால் மேல்பட்டை வளையாத இரும்பு. மூன்றாவது சாம்பல் நிறம், எடையே இல்லாதது. காதின்மேல் உட்காரும், மூக்குக் கண்ணாடி போட்டவனுக்குக் காதுமடல் வலிக்கும், குரல் தெளிவு, ஆனால் ஸ, ச வரும் இடமெல்லாம் சீறும்.

ஒரே சத்தத்தை மூன்றிலும் கேட்க வழியில்லை, முதலாவதிலேயே தீர்ந்துவிடும். மில்லில் இதற்கு வழி இருந்தது. ஒரே கூம்பிலிருந்து மூன்று துண்டு எடுத்து, மூன்று இயந்திரத்தில் அறுப்போம். அதையே செய்தேன். ஒரே மாதிரி மூன்று சத்தங்களைத் தேடினேன். அவள் காக்கையை விரட்டியது அந்த வாரத்தில் மூன்று தடவை இருந்தது, அடுப்பங்கரை சன்னலில் வரிசையாக. ஹெட்போனுக்கு ஒன்று. டிவி பார்த்தபடி சிரித்தது மூன்று. இருமல் மூன்று. வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்கிக்கொண்டே முனகிய பாட்டு நீளமாக இருந்தது, அதை மூன்றாகப் பிரித்துக் கேட்டேன். யமுனாவோடு போனில் பேசிய பேச்சு மூன்று நாளுக்கு இருந்தது. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினேன், மார்க் போட்டேன், சராசரி எடுத்தேன். சிரிப்பில் சல்லடை முந்தியது, இருமலில் கறுப்பு, போன் பேச்சில் சாம்பல். முடிவு தெளியவில்லை. இன்னும் மூன்று தேடினேன். அதுவும் தெளியவில்லை. இன்னும் மூன்று.

ஒரு நாள் ஃபிலோமினா டீச்சர் கதவடியில் டிபனோடு ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தார். "நாச்சிமுத்தண்ணா, வெந்துருச்சா வெந்துருச்சான்னு எல்லா இட்லியையும் பிட்டுப் பாத்தா, அப்புறம் பந்தியில என்ன வெப்பீங்க?" என்று எழுதியிருந்தது. காகிதத்தைத் திருப்பி, "இன்னும் நாலு நாள் வேலை" என்று எழுதி வைத்தேன்.

மார்கழி முடியப் போகிற சமயம் மயில்சாமி வந்தார். கதவை ஒரு விரற்கடை திறந்து, உதட்டில் விரலை வைத்து, அவரைப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஏனுங்ணா, சொந்த ஊட்ல திருடன் மாதிரி நிக்கறீங்க? தாடியப் பாத்தா அடையாளமே தெரியலீங்" என்றார்.

"சொல்லு மயில்சாமி" என்றேன். வெகுநாள் பேசாததால் என் குரல் எனக்கே அயலாக இருந்தது.

"போகிக்கு எல்லா ஊட்லயும் சன்னலு, கதவு தொறந்து, மோளம் அடிச்சு, இருக்கற சத்தத்தயெல்லாம் வெளிய தள்ளறதுன்னு சங்கத்துல முடிவு. இனித் தாங்காதுங்ணா. மூணாவது மாடி சுகந்தியோட கொழந்தய இடுப்புல வெச்சுட்டு படி எறங்க முடியலீங், எட்டுப் படிக்கு ஒருக்கா முழிச்சு அழுவுது."

"என் வீடு வேண்டாம்."

"பதினோரு ஊடு தொறந்து ஒரு ஊடு மூடுனா, தள்ளற அத்தனையும் உங்க கதவுலதானுங் வந்து முட்டும். என்னோட வசவு, டீச்சரோட ஜெபம், கீரக்காரி எல்லாம் சேந்து உள்ள பூந்துரும். அதுக்குள்ள அக்கா சத்தத்த எங்க போய்த் தேடுவீங்க?" குரலைத் தாழ்த்தி, "இன்னும் எத்தன இருக்குதுங்ணா?" என்றார்.

நான் உள்ளே போய் நோட்டைப் பார்த்தேன். அன்றுதான் முதல் தடவையாக, எது நல்ல ஹெட்போன் என்று பார்க்காமல், இன்னும் என்ன மிச்சம் என்று பார்த்தேன். சல்லடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சமையலறை, கட்டிலடி, குளியலறை, அரிசி டின்னுக்குள் என்று இரண்டு நாள் தேடினேன். மில்லில் நூறு கிராம் அறுத்தால் வெளியே ஆயிரம் கிலோ இருக்கும். இங்கே ஆயிரம் கிலோ என்று ஒன்று இருந்ததே இல்லை. வாசற்படியில் நின்ற அந்த ஒரு பேச்சைத் தவிர வீட்டில் அவள் சத்தம் வேறு எதுவும் இல்லை. ஒன்றரை மாதத்தில் நான் எல்லாவற்றையும் சோதித்துவிட்டேன்.

சோதனை முடிவு தயாராக இருந்தது. சல்லடை ஒன்பது, கறுப்பு எட்டு, சாம்பல் ஏழரை. போகிக்கு முந்தின நாள் சல்லடையை மாட்டிக்கொண்டு வாசற்படிக்குப் போய் நின்றேன். ஒரு சாண் குனிய வேண்டும், அவ்வளவுதான். மத்தியானம் வரை நின்றேன். குனியவில்லை. கேட்டால் தீர்ந்துவிடும், கேட்காவிட்டால் நாளை காற்றில் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவே அந்த நிலைப்படியில் நான் நின்றது மாதிரி எந்தச் சிறையிலும் யாரும் நின்றிருக்க மாட்டார்கள்.

போகியன்று காலை எட்டு மணிக்கு, கீழே மேளம் கட்டிக்கொண்டிருந்தபோது, யமுனா வந்து சேர்ந்தாள். டீச்சர் அவளுக்குப் போனில் எல்லாம் சொல்லியிருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, வெறுங்காலில், மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். என் காதோடு வாயை வைத்து, "அம்மாவோட சத்தம் இருக்குதாமே. நான் போன்ல பேசறப்போ எதிர்ல அம்மா பேசுனதெல்லாம் இங்கதான இருக்கும்? அதக் கேக்கணும்பா" என்றாள்.

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினாள். என் கையெழுத்து பொடியாக, கோடு போட்டு, ஒழுங்காக இருக்கும்.

"அம்மா சிரிப்புக்கு ஏழர மார்க் போட்டிருக்கீங்க."

"சிரிப்புக்கு இல்ல கண்ணு. ஹெட்போனுக்கு."

அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதில் "மகளோடு போன் பேச்சு, முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள்" என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு நோட்டை மூடினாள்.

"எனக்குன்னு ஒண்ணாச்சும் வெச்சீங்களா?"

வாசற்படியைக் காட்டினேன். அது எந்தப் பேச்சு என்று சொன்னேன். முதல் இரண்டு வார்த்தை என்ன என்றும் சொன்னேன். "நீயே கேளு. எனக்கு வேண்டாம்" என்றேன்.

"ரெண்டு பேரும் கேக்கலாம்" என்றாள்.

சல்லடையை எடுத்து நீட்டினேன். ஒரு குடுவை அவள் காதில், ஒன்று என் காதில் என்று தலையோடு தலை சேர்த்துப் பார்த்தோம். வளையாத இரும்புப் பட்டை, இரண்டு தலைக்கு விரியவில்லை, குடுவைகள் உள்பக்கம் பார்த்தபடியே நின்றன. சாம்பலை விரித்தபோது பட்டை 'டக்' என்று உடைந்தது. அந்த 'டக்' அங்கேயே காற்றில் நின்றுகொண்டது. கறுப்பு மட்டும்தான் குடுவை வெளிப்பக்கமாகத் திரும்பும் வகை. கடைக்காரர் கொடுக்கும்போதே அதைத் திருகிக் காட்டினார், எனக்கு உதவாத வசதி என்று நான் எழுதியிருந்தேன். அன்று மதியம் என் காதில் இருந்து அவளை வெளியே நிறுத்திய அதே கறுப்பு. ஒன்றரை மாதச் சோதனைக்கும் அதில் அறுந்துபோன அத்தனை சத்தத்துக்கும் பிறகு, கேட்பதற்கு அதுதான் ஆயிற்று.

குடுவைகளை வெளிப்பக்கம் திருப்பி, என் இடக் காதை ஒன்றிலும் அவள் வலக் காதை மற்றதிலும் வைத்துக்கொண்டு, கன்னம் ஒட்ட, பட்டை இருவர் தலைக்கும் நடுவில் கிடக்க, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சாண் குனிந்தோம்.

"ஒரு மாதிரி புடிச்சாப்புல இருக்குதுங்" என்றாள் கருணாம்பிகை. நடுவில் ஒரு மூச்சு. சேலைத் தலைப்பில் கை துடைக்கிற சத்தம். பிறகு, "சித்த நேரம் படுத்தா சரியாப் போயிருமுங்ளா?"

அதற்குப் பிறகு, நான் தலையாட்டியதைப் பார்த்துக்கொண்டு அவள் நின்ற நேரம் முழுவதும் இருந்தது. சத்தமில்லாத அந்தக் கொஞ்ச நேரமும் ஹெட்போனில் கேட்டது. கடைசியில், "செரிங்" என்றாள்.

காலடிச் சத்தம் நாலு. அவ்வளவுதான்.

யமுனா காதை எடுக்கவில்லை. கன்னம் ஒட்டியபடியே கேட்டாள். "நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"தலையாட்டுனேன்."

அவள் மெல்ல நிமிர்ந்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் அந்த வசவு வீட்டுக்குள் நின்றுகொள்ளும், தினமும் இரண்டு இரண்டாக நான் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். அவளோ போய் முன்னறை சன்னலின் இடுக்கிலிருந்து வேட்டித் துணியை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தாள், கொக்கியை நீக்கினாள், திறந்தாள். அடுப்பங்கரை, உள்ளறை, குளியலறை எல்லாவற்றையும் திறந்தாள். கீழே மயில்சாமி "ஆச்சுங்ளா டீச்சர்? ஆச்சுங்ளா சுகந்தி? நாச்சிமுத்தண்ணா ஊடும் தொறந்தாச்சு, அடிங்கடா" என்று கத்த, மேளம் எழும்பியது. பன்னிரண்டு வீட்டுச் சத்தமும் படிக்கட்டு வழியாக, சன்னல் வழியாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வெளியேறியது. சரவெடியின் கடைசி இரண்டு வெடி, கீரை, குக்கர், ஜெபம், குழந்தையின் அழுகை, கல்யாணப் பெண்ணின் சிரிப்பு, என் சாம்பல் ஹெட்போன் உடைந்த 'டக்' எல்லாம் போயின. அவற்றில் கருணாம்பிகையின் சத்தம் ஒன்றுகூட இல்லை, நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்று பார்த்தேன்.

அதன் பிறகு எங்கள் பிளாக்கில் சத்தங்கள் மற்ற இடங்களைப் போல வந்த உடனே போய்விட்டன. கொஞ்ச நாள் பொன்னுத்தாய் மட்டும் மாடி ஏற வேண்டியிருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொண்டாள். பிறகு அவளும் மறந்துவிட்டாள்.

யமுனா மாட்டுப்பொங்கல் முடிந்து கிளம்பினாள். நோட்டை நான் கொடுக்கவில்லை, அவளே பையில் வைத்துக்கொண்டாள். அம்மா வீட்டில் என்னென்ன சத்தம் போட்டாள் என்பதற்கு வேறு கணக்கு எங்கேயும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், சாப்பிட்டீங்களா என்பாள், மாத்திரை கேட்பாள். நான் எல்லாவற்றுக்கும் வாய் திறந்து பதில் சொல்கிறேன். அந்தப் பேச்சை இருவரும் இதுவரை எடுத்ததில்லை. ஓசூருக்கு வரச் சொல்லி அவள் பிறகு கேட்கவில்லை.

கடைக்காரருக்குச் சல்லடையைத் திருப்பிக் கொடுத்தேன், மற்ற இரண்டுக்கும் விலை கொடுத்துவிட்டேன். கண்ணாடியில் ஒட்ட அவருக்கு எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. கறுப்பின் தோல் மெத்தை நாலைந்து வருடத்தில் பொடிப் பொடியாக உதிர்ந்துவிட்டது.

பன்னிரண்டு வருடம் ஆகிறது. உள்ளறைக் கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் போட்ட சுவிட்சை நான் அணைக்கவில்லை. முன்னறையில் என் நாற்காலிக்கு மேலே பல்பு பகலிலும் எரிகிறது. நான்கு முறை பல்பு மாற்றியிருக்கிறேன்.